காவல் ஆள்

செவ்வாயின் மூன்றாம் குமிழிக் குடியிருப்பில், பாறை உடைத்துவிட்டு வருகிறவன் மூச்சுக்கூட்டைக் கழற்றி மாட்டி, செவியனிடம் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால்தான் சோற்றுத் தட்டு வெளியே வரும். செவியன் ஓர் எந்திரம். கேட்டதை வெளியே விடாது. பேசுகிறவன் உயிருக்கே ஆபத்தென்றால் மட்டும் மருத்துவரிடமும், அவன் எழுதிக் கொடுத்திருக்கும் ஒரே ஒருவரிடமும் சொல்லும். அவருக்குக் 'காவல் ஆள்' என்று பெயர்.

தங்கப்பழம் எழுதிக் கொடுத்தது இசக்கிப்பாண்டியின் பெயரை.

அன்று செவியன் இசக்கியை நிறுத்திச் சொன்னது: "தங்கப்பழம் சாக நினைக்கிறார். மருத்துவர் வருகிறார். அதுவரை போய்க் கூட இருங்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்."

இசக்கி ஓடத்தான் செய்தான். ஆனால் வழியில் சாப்பாட்டுக்கூடம் இருந்தது. தன்னை நம்பிச் சொன்ன சேதியைத் தனியாகச் சுமந்து அவனுக்குப் பழக்கமில்லை. "யார்ட்டயும் சொல்லிராதீய" என்று நாலு பேரிடம் சொன்னான்.

தங்கப்பழத்தின் அறையில் கூட்டம் கூடிவிட்டது. "ஆம்பளதானலே நீ?" என்றான் ஒருவன். இன்னொருவன் ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து நின்றான். தங்கப்பழம் கூனிக் குறுகி, சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"யாரு அண்ணாச்சி வெளிய சொன்னது? அந்த எந்திரமா?"

"ஆமா," என்றான் இசக்கி.

மருத்துவர் பத்து நாள் கூடவே இருந்து தங்கப்பழத்தைத் தேற்றினார். அதற்குள் இசக்கி செவியனிடம் போய் உண்மையைச் சொல்லி அழுது தீர்த்திருந்தான்.

விசாரணையில் அந்த நாலு பேரும், தாங்களும் மாட்டுவோமென்று, எந்திரத்தையே கைகாட்டினார்கள். "வெளியே சொன்னது யார்?" என்று செவியனைக் கேட்டார்கள்.

"அது ஒருவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்னது. அவர் உயிருக்கு ஆபத்தில்லை. ஆகவே சொல்ல முடியாது."

கடைசி வரிசையில் இசக்கி குனிந்தே இருந்தான். அவன் கண்ணெதிரே செவியனின் இணைப்பைப் பிடுங்கினார்கள்.

"எந்திரத்த நம்புனதே தப்பு. மனுசன்தான் வேணும்," என்றார் மேலாளர். சேதி கேட்டதும் முதலில் ஓடியவன் இசக்கி என்று எல்லோரும் சொன்னார்கள். செவியனின் இடத்தில் அவனையே உட்காரவைத்தார்கள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்களே என்று அவன் போய் உட்கார்ந்தான்.

முதல் ஆளாகத் தங்கப்பழம் வந்து கதவைச் சாத்தினான்.

"திரும்பவும் அந்த நெனப்பு வருது அண்ணாச்சி."

இசக்கி மருத்துவரை அழைக்கும் மணியை அழுத்தினான். "டாக்டர்ட்ட மட்டும் சொல்லுதேன்லே. வேற யாருக்கும் போவாது."

தங்கப்பழம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது தெரியாதா எனக்கு? நல்லவேள, இங்க இருக்கது அந்த எந்திரம் இல்ல."