புரளாத தூசி

“அம்மா, நான் தலையை ஆட்டினா கண்ணாடிக்குள்ள இருக்கிற பொண்ணும் ஆட்டுறா. இந்த பேஸ்ட் புள்ளி மட்டும் ஏன் ஆட மாட்டேங்குது?”

பல் தேய்த்துக்கொண்டே மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. “அது உன் மேல இல்லடி, கண்ணாடி மேல ஒட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்கு ஓடினார். ஆய்வு நிலையத்தில் அவருக்குப் புள்ளியியல் வேலை. எந்தக் கணக்கையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அங்கே அவருக்குச் சல்லடை என்று பெயர். சிறியவர்கள் அக்கா என்பார்கள். மகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் சல்லடையில் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை, காலை.

தாவரப் பிரிவின் தலைவர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஆய்விதழிலிருந்து வந்த பதில் கிடந்தது. கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பவில்லையாம். முதல் படத்திலும் நான்காவது படத்திலும் இருப்பது ஒரே வேர், நான்காவதில் அது இடவலம் மாறி இருக்கிறது, விளக்கம் தேவை.

“கவனக்குறைவா ஒரே படத்தை ரெண்டு தடவை போட்டிருந்தா மன்னிச்சிடலாம்மா” என்றார் தலைவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேசையிலிருந்த குப்பியிலிருந்து பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். “புரட்டிப் போட்டிருக்காங்க. புரட்டுறது எதுக்கு? கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதானே?”

சல்லடை நான்கு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்கும் வேரைக் குறுக்கே அரிந்து நுண்ணோக்கியில் எடுத்தவை. நல்ல தண்ணீரில் வளர்ந்த வேர் முதலாவது. கொஞ்சம் உப்பில் வளர்ந்தது இரண்டாவது, நிறைய உப்பில் சுருங்கியது மூன்றாவது. அதே உப்பிலும் ஒரு நுண்ணுயிரின் துணையோடு செழித்த வேர் நான்காவது. கட்டுரையின் உயிரே அந்த நான்காவதில்தான் இருந்தது.

“நாலு படத்துலயும் வலது மூலையில ஒரு புள்ளி இருக்கே சார்?”

“கேமராவுக்குள்ள தூசி. துடைக்க ஆள் அனுப்புங்கன்னு மாசக்கணக்கா கத்துறேன். அதை விடுங்க. எல்லாப் படமும் எடுத்தது வேர்க்காரிதான்.”

வேர்க்காரி என்பது வேர் அரியும் இளம் ஆய்வாளருக்கு அங்கே இருந்த செல்லப் பெயர். அவள் கணவனும் குழந்தையும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊர் ஆய்வகத்தில் ஒரு நிரந்தர வேலை காலி. தேர்வுக்குழு இந்தக் கட்டுரையின் முடிவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகக் குழந்தையைத் தொலைபேசியில் தூங்கவைத்துக்கொண்டிருப்பவள் அவள்.

“விளக்கம் எழுதி வெச்சிட்டேன். தப்பு அவ மேலன்னு. நீங்க ஒரு தடவை பார்த்துட்டா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன்.”

“நாளைக்கு வரைக்கும் பொறுங்க சார்.”

படிகளில் இறங்கும்போது சல்லடை எப்போதும் செய்யும் சின்னப் பிரார்த்தனையைச் செய்தார். ஆண்டவனே, அவசரத்தில் யார் மேலும் பழி போட வைக்காதே.

பகல்.

படங்களைக் கட்டுரைக்குள் அடுக்கித் தந்தவருக்குப் படக்காரர் என்று பெயர். அவர் கொதித்துப்போயிருந்தார்.

“ஈயடிச்சான் காப்பின்னு மாடிப்படி முழுக்கச் சிரிக்கிறானுங்க. நான் எதுக்கும்மா படத்தைப் புரட்டணும்? அது என்ன சட்டையா, உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்துப் போட?”

“ஓரம் வெட்டினீங்களா?”

“வெட்டல. அந்தத் தூசியைக்கூட அழிக்கல. அழிச்சா, படத்துல எப்படிக் கை வெக்கலாம்னு ஜர்னல்காரங்க சண்டைக்கு வருவாங்க. வந்தது வந்தபடியே வெச்சேன்.”

“எல்லாம் ஒரே நாள்ல எடுத்த படமா?”

“நாலாவது மட்டும் புதுசு. பழசு மங்கலா இருந்துச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு மறுபடி எடுத்துக் குடுத்துச்சு.”

நுண்ணோக்கி அறையில் வேர்க்காரி விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சல்லடை விளக்கைப் போட்டு, கையில் கொண்டுவந்த டீயை அவள் முன் வைத்தார்.

“முதல்ல இதைக் குடி. அப்புறம் பேசலாம்.”

“நான் புரட்டலக்கா. என் பிள்ளை மேல…”

“பிள்ளை மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதே. எப்படிப் படம் எடுப்பேன்னு மட்டும் சொல்லு.”

“வேர் வெச்ச கண்ணாடி ஸ்லைடுல நம்பர் எழுதியிருக்கும். நம்பர் மேல தெரியற மாதிரி வெச்சு எடுப்பேன்.”

“அழுக்கா இருந்தா?”

“காஞ்ச தாளால துடைப்போம். ஸ்பிரிட் பட்டா மார்க்கர் எழுத்து ஓடிடும்க்கா. அதனால ஸ்பிரிட் குப்பியை இந்த ரூமுக்குள்ளயே விடறதில்ல.”

“ஸ்லைடு பெட்டியை வேற யாராவது தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறா? விருந்தாளிங்க வந்த அன்னைக்கு சார் எடுத்துட்டுப் போனாரு. சாயந்திரமே வந்துடுச்சு.”

“நாலாவதை மறுபடி எடுத்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதான்.”

சல்லடை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து நகத்தால் தடவினார். அரிந்த வேரை ஸ்லைடில் வைத்து, அதன்மேல் மெல்லிய சில்லுக் கண்ணாடி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அதன் விளிம்பு நகத்தில் தட்டும். தடவி முடித்ததும் ஒன்றாம் எண் ஸ்லைடை நீட்டினார்.

“இதை இப்போ ஒரு படம் எடு.”

திரையில் வேர் தெரிந்தது. வேர்க்காரி கட்டுரையின் முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் வாய் பிளந்தது.

“அக்கா, இது வேற வேரு!”

“டீ ஆறுது, குடி” என்றார் சல்லடை.

செவ்வாய்க்கிழமை, காலை.

துப்பறியும் கதைகளில் எல்லோரையும் கூட்டிவைத்து முடிச்சை அவிழ்ப்பதுதான் வழக்கம். சல்லடை அப்படிச் செய்யவில்லை. தலைவரின் அறைக்குத் தனியாகப் போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், படத்தை யாரும் புரட்டல.”

“கண்ணு முன்னாடி புரண்டு கிடக்கேம்மா!”

“வேர் புரண்டிருக்கு. தூசி புரளல. கம்ப்யூட்டர்ல புரட்டியிருந்தா வலது மூலைத் தூசியும் இடது மூலைக்குப் போயிருக்கணும். தூசி வேர் மேல இல்ல சார், கேமராவுல இருக்கு. அது அசையாம வேர் மட்டும் திரும்பியிருக்குன்னா, ஸ்லைடே குப்புறக் கிடந்திருக்கு.”

தலைவர் படங்களை இழுத்துப் பார்த்தார். “அப்போ அவ அஜாக்கிரதையா வெச்சிருக்கா.”

“நம்பர் மேல தெரியற மாதிரிதான் வெச்சா. நாலாம் நம்பர் ஸ்லைடுல மட்டும் நம்பரே பின்பக்கம் இருக்கு. மத்த ஸ்லைடுல எல்லாம் எழுத்தும் சில்லுக் கண்ணாடியும் ஒரே பக்கம். அதோட, நாலுன்னு எழுதியிருக்கிறது உண்மையில ஒண்ணு. ஒண்ணுன்னு எழுதியிருக்கிறது நாலு. நேத்து எடுத்துப் பார்த்தோம்.” சல்லடை குரலைத் தாழ்த்தினார். “விருந்தாளிங்களுக்கு எத்தனை ஸ்லைடு காட்டினீங்க சார்?”

“ரெண்டு. நல்ல வேரும் பிழைச்ச வேரும். பக்கத்துல பக்கத்துல வெச்சா…” தலைவர் நிறுத்திக்கொண்டார்.

“காட்டின பிறகு?”

தலைவரின் பார்வை மேசைமேல் இருந்த ஸ்பிரிட் குப்பிக்குப் போய் அங்கேயே நின்றது.

“எல்லாரும் தொட்டு ரேகையா இருந்துச்சு” என்றார் கடைசியில். “எங்க காலத்துப் பழக்கம், துடைச்சிட்டேன். நம்பர் ரெண்டும் பஞ்சோட வந்துடுச்சு. பார்த்துப் பார்த்துதான்மா திரும்ப எழுதினேன்.”

“பார்த்தா எப்படித் தெரியும் சார்? பிழைச்ச வேர் நல்ல வேர் மாதிரியே இருந்திருக்கும். உங்க ஆராய்ச்சி ஜெயிச்சுதான் உங்களை மாட்டிவிட்டிருக்கு.”

தலைவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. “ரெண்டு நிமிஷ வேலை. அப்படியே மறந்துட்டேன். ஒரு பொண்ணைத் திருடின்னு எழுதி வெச்சேனே.”

“இன்னும் அனுப்பலையே. அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்ல வந்தேன். அவகிட்ட நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்.”

சொன்னார். நுண்ணோக்கி அறைக்கு நடந்துபோய், படக்காரரும் கேட்கும்படி, “தப்பு என் கையாலதான்மா நடந்துச்சு” என்றார். வேர்க்காரி அழுதாள், பிறகு, “சார், இனிமே பெட்டியை நீங்க தொடவே கூடாது” என்று அதட்டினாள். படக்காரர்தான் முதலில் சிரித்தார். உண்மையான நான்காவது வேரின் படத்தோடு, தலைவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட விளக்கம் அன்று மதியமே ஆய்விதழுக்குப் போனது. சல்லடையும் தம் கணக்குகளுக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது.

மாலையில் தலைவர் அறையைத் தாழிட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். அந்த ஊர் ஆய்வகத்தின் தேர்வுக்குழுவில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் இருந்தார். ஆய்விதழின் பதிலைப் படித்த சூட்டில், விசாரிப்பதற்கு முன்பே, தலைவர் அவரிடம் பேசியிருந்தார். அந்தப் பெண்ணைச் சேர்க்காதே, கை சுத்தமில்லை என்று. அதை அவர் சல்லடையிடமும் சொல்லவில்லை.

“நான் அன்னைக்குச் சொன்னதை அப்படியே அழிச்சிடு” என்றார் இப்போது. “அவ மேல எள்ளளவும் தப்பில்ல. ஸ்லைடை மாத்தினது நான். கடிதமாவே அனுப்புறேன், குழுவுல எல்லார் முன்னாடியும் படி.”

“யோசிச்சுச் சொல்லுடா. உன் பேர் கெடும்.”

“என் பேர்தானே? எத்தனையோ வருஷம் நல்லா இருந்துச்சு, கொஞ்ச நாள் கெடட்டும். அவளுக்குக் குழந்தைகிட்டப் போகணும்.”

மறுமுனையில் நண்பர் கேட்டார்: “என்கிட்டப் பேசினதை அவகிட்டச் சொல்லிட்டியா?”

“நான் கெடுத்தது அவளுக்குத் தெரியாது” என்றார் தலைவர். “சரி பண்ணினதும் தெரிய வேண்டாம்.”