முந்திச் சாப்பிடுகிறவர்

உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றை முதலிலேயே அறிவித்துவிடுவது நம் கடமை. சீனர்களின் ஏழாம் மாதம், பௌர்ணமிக்கு முந்தின இரவு, எட்டேகால் மணிக்கு, பாங்காக்கின் சீனர் பேட்டையான யாவ்வராத் தெருவில், மாபெரும் உணவு விமர்சகர் சுரபோங் அவர்கள் சிப்பி முட்டைப் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

ருசியே இல்லை.

உப்பு குறைவு, எண்ணெய் அதிகம் என்கிற ரகமல்ல. நனைந்த அட்டைப்பெட்டியைத் தின்பதுபோல் இருந்தது. ஒரு வருஷமாகவே இப்படித்தான். அவர் முன்னால் தட்டு வந்த கணமே அதன் சூடு போய்விடும், வாசனை போய்விடும். அதே வாணலியில் வெந்ததைப் பக்கத்து மேசைக்காரன் நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்பான். வைத்தியர்கள் நாக்கை நீட்டச் சொன்னார்கள், பார்த்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒரு வருஷ விமர்சனங்களையும் பழைய ஞாபகத்தை வைத்தே எழுதி ஒப்பேற்றியிருந்தார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அந்தத் தொழிலின் மகிமை.

ஆனால் நாளைக்கு வியாபாரிகள் சங்க மேடையில் அவருடைய கண்ணைக் கட்டிப் பத்துக் கிண்ணங்களை வைக்கப்போகிறார்கள். எது எந்தக் கடை என்று ஊரறியச் சொல்ல வேண்டும். முப்பது வருஷப் பெயர், பத்துக் கரண்டியில் போய்விடும்.

"என்ன வாத்தியாரே, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றான் பொரியல் போடும் ஹெங். "நாளைக்குக் கண்ணைக் கட்டிட்டுத் தின்னணுமேன்னு இன்னைக்கே பயம் வந்துடுச்சா?"

"அற்புதம்டா. மொறுமொறுன்னு இருக்கு."

"நான் மொறுமொறுன்னு போடவே இல்லையே. உனக்குக் கொழகொழன்னுதானே புடிக்கும்?"

சுரபோங் எழுந்தார். பாதம் வலித்தது. கடைக்குக் கடை சிவப்புச் சட்டத்துக்குள் அவருடைய படமே கரண்டியை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது. கரிய மணலில் கஷ்கொட்டைகள் உருண்டு உரசும் ஓசை, எண்ணெயில் மாவு விழுந்து சீறும் ஓசை, இஞ்சிப் பாகில் எள்ளுருண்டைகள் முங்கி எழும் மினுமினுப்பு, ஆணியில் தொங்கும் வாத்துகளின் கழுத்திலிருந்து சொட்டும் கொழுப்பு, எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் இருந்தன. மூக்குக்கு மட்டும் ஒன்றுமில்லை. சந்து முனைகளில், போக்கிடமற்ற ஆவிகளுக்காகப் பாயில் சோறும் கறியும் வைத்து, பண்டத்துக்கு ஒன்றாக ஊதுபத்தி குத்தியிருந்தார்கள். செத்தவர்கள் பசியோடு ஊருக்குள் வரும் இந்த மாதத்தில் யாரும் அவர்களை ஆவி என்று சொல்லமாட்டார்கள். நல்ல அண்ணன்மார் என்பார்கள். சனங்கள் பாயைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். சுரபோங்கும் ஒதுங்கினார். சற்று அதிகமாகவே.

கோயிலுக்குப் பின்சந்தில் மிளகுக் குடல் சூப் விற்கும் கிம்ஹுவாய் அக்காவின் தள்ளுவண்டி. காரத்தில் செத்தவனும் தும்முவான் என்று அவரே முன்பு எழுதிய சூப். இதுதான் கடைசி நம்பிக்கை.

அவள் கிண்ணத்தை வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். வெந்நீர்கூட இல்லை. தண்ணீர்.

"தெரியலைல்ல?" என்றாள் அக்கா.

"என்ன தெரியல?"

"நடிக்காத. இப்பத்தான் ஹெங் போன்ல சொன்னான். அவன்கிட்டயே ஏமாத்த முடியல, என்கிட்டயா? போன வருஷம் இதே மாசம், நான் அண்ணன்மாருக்கு வெச்ச தட்டுலேருந்து கொழுக்கட்டையை எடுத்துத் தின்னியே, நெனவிருக்கா?"

"அது வீடியோவுக்காக அக்கா. மூட நம்பிக்கைய..."

"பத்தி எரிஞ்சிட்டிருந்துச்சுடா! அணைஞ்சப்புறம் எடுத்திருந்தா யாரு கேக்கப்போறா? நாங்களே எடுத்துத்தான் திங்கிறோம். பந்தியில உக்காந்தவன் வாயிலேருந்து புடுங்கினா சும்மா விடுவானா? வருஷம் முழுக்க உனக்கு முன்னாடி அவன் தின்னுட்டிருக்கான். நீ மிச்சத்தை நக்கிட்டு நட்சத்திரம் குடுத்துட்டிருக்க."

சிரிக்க நினைத்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவள் புதுக் கிண்ணம் ஊற்றி, எதிரே ஆளில்லாத முக்காலிப் பக்கமாக வைத்தாள். அருகே ஒரு வெள்ளை ரொட்டி. அதில் ஒற்றை ஊதுபத்தி.

"மன்னிப்புக் கேளு. பத்தி அணையற வரைக்கும் எழுந்திருக்காத. வயிறு நெறைஞ்சா போயிடுவான்."

"நெறையலன்னா?"

"நான் என்ன பூசாரியா? குடல் விக்கிறவ." அண்ணன்மார் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது என்று வண்டிக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சுரபோங் தொண்டையைச் செருமினார். "பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு..." என்று தொடங்கினார். விழா மேடைக் குரல் அந்தச் சந்தில் அசட்டுத்தனமாக ஒலித்தது. "தெரியாம எடுத்துட்டேன்ணே. சாப்பிடுங்க," என்று முடித்துக்கொண்டார்.

பெரிய தெருவின் இரைச்சல் தேய்ந்தது. கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போகவில்லை; எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் உயரத்தில், நூல்போல உள்ளே இழுபட்டு மறைந்தது. விட்டு விட்டு. யாரோ நிதானமாக உறிஞ்சுகிற தாளம். சூப்பின் பழுப்பு வெளுத்தது. எண்ணெய்ப் பொட்டுகள் ஒவ்வொன்றாக மங்கின. குடல் துண்டுகள் துணிபோல் வெளிறின.

பிறகு, அவருக்கு மிளகு மணத்தது.

மிளகு. வறுத்த பூண்டு. சாக்கடை. ஒரு வருஷம் கழித்துச் சாக்கடை! கண்ணில் நீர் வந்துவிட்டது. போய்விட்டான். மேடை, கண்கட்டு, பத்துக் கிண்ணம், கைதட்டல். 'நாவின் மறுபிறப்பு' என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.

இன்னொரு மணமும் வந்தது. வியர்வை. தலைக்குப் பூசிய எண்ணெய். பழைய சட்டை. அவருடையதுதான். அது அவரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தார்.

மேசைமேல் இருந்த வலது கை. புறங்கையிலிருந்து மெல்லிய ஆவி. எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. நகங்கள் வெளுத்தன. விரல்கள். மணிக்கட்டு.

"அக்கா."

சத்தம் வரவில்லை. அவள் திரும்பவில்லை.

முழங்கை. தோள். குளிரவில்லை. வலிக்கவில்லை. ஒன்றுமே இல்லை. இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

ஊதுபத்தி இன்னும் பாதிகூட எரியவில்லை.