இல்லாத பிழை

திங்கட்கிழமை காலை. மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தான் புரோகிராம் எழுதிய கட்டம் போட்ட தாள்கள் பன்னிரண்டை மடித்து, கணவன் ஜோசப்ராஜின் பையில் வைத்தாள் அமலோற்பவம். அவன் முகம் சுளித்தான்.

"இன்னும் ஒரே தடவ மெஷின்ல போட்டுப் பாருங்க. எங்க தப்புன்னு தெரியல…"

"எத்தினி தடவ? ஓடலன்னா விட்டுடேன் அமலு."

செஞ்சியிலிருந்து போய் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் அவன். ஆபீஸ் மெஷினுக்கு மட்டும் புரியும்படி பக்கம் பக்கமாக வெறும் எண்களாகவே எழுதுவான். அதில் அவனுக்கு அப்படியொரு கர்வம்.

அமலோற்பவம் கணக்கில் பி.எஸ்ஸி. மாமியார் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டபோது, கைக்கு வந்த வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு ஊரிலேயே தங்கியவள். கணவன் மூலையில் போட்டிருந்த ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தை எடுத்து இரண்டே வாரத்தில் படித்து முடித்தாள். பள்ளிக்கூடக் கணக்கைப் போலவே எழுதினால் போதும், அதைத் தன் எண்ணாக மாற்றுவதை எந்த மெஷினும் தானே பார்த்துக்கொள்ளும். ஏரிகளின் நீர்மட்டம் கணக்கிட ஒரு புரோகிராமும் எழுதிவிட்டாள்.

"ரெண்டு வாரத்துல வந்துட்டா அது இன்னா வித்த? நாங்க மூணு வருஷம் முட்டி மோதுனோம்," என்றான் ஜோசப்ராஜ்.

கட்டிலில் கிடந்த மாமியார் ராயம்மாளும் விடவில்லை. "ஓடாதத எழுதிக்கினு உக்காந்திருந்தா ஊட்டு வேலைய யாரு பாக்குறது?"

அமலோற்பவம் மூன்று மாதமாக வரிவரியாகப் பிழை தேடுகிறாள். தான் படித்த படிப்பே பொய்யோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆபீஸுக்குப் புது மெஷின் வந்துடுச்சி அமலு. நான் எழுதுன எண்ணு ஒண்ணும் அதுக்குப் புரியல. மூணு வருஷ வேல… போச்சி."

அவள் பதறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயோ… இப்ப இன்னா செய்யிறது?"

"உன் தாளக் குடுத்துப் பாத்தேன். ஒரு எழுத்து மாத்தல. ஓடிச்சி."

"அப்ப தப்பு எங்க இருந்திச்சி?"

அவன் தலை கவிழ்ந்தது. "தப்பே இல்ல. இத்தினி நாளா நான் அத மெஷின்ல போடவேயில்ல. கூட வேல செய்யிறவங்க சிரிப்பாங்கன்னு… மேஜைக்குள்ளயே வெச்சிட்டேன்."

அவளுக்குக் கண்ணீர் தானாக இறங்கியது.

"ஆபீசர் உன்ன வேலைக்கு வரச் சொன்னாரு. திங்கக்கெழமையே…"

"அது அப்புறம். இப்ப எங்கிட்ட சொன்னத அத்தகிட்ட சொல்லுங்க."

கட்டிலருகே நின்று, ஒன்று விடாமல் சொன்னான். ராயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இல்லாத தப்ப தேட வெச்சியாடா பாவி… அது தெரியாம நானும் சேந்து அவளக் குத்துனனே…"

மருமகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக அடக்கிவைத்த அழுகையெல்லாம் அந்தக் கிழவியின் தோளில் கொட்டியது.

அழுது ஓய்ந்ததும் ராயம்மாள் மகனைப் பார்த்தாள். "அவ மெட்ராஸ் போவட்டும். நீ லீவு போட்டுட்டு என்னப் பாத்துக்க."

"எனக்குக் கஞ்சிகூட வெக்கத் தெரியாதேம்மா…"

"ரொம்ப சுலபம்டா," என்றாள் ராயம்மாள். "வெச்சிப் பாத்துட்டு, அது இன்னா வித்தன்னு அப்புறம் சொல்லு."