அணையாத ஆபீஸ் ரூம் விளக்கு

"ஏழு அடி, அம்மா. மண்டையில மட்டும் ஏழு. ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுற மனுஷன் என் வீட்டுக்காரர். அவரைப் போய் உள்ள வெச்சிருக்காங்க."

செவ்வாய்க்கிழமை காலை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டாள். சிஸ்டர் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தாள். முப்பது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். அழுகிறவர்களிடம் முதலில் தண்ணீரைக் கொடுக்க வேண்டும், கேள்வியை அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

கேள்வி கேட்க அவள் கணவர் இருந்தார். எரிந்துபோன கடைகளையும் கிடங்குகளையும் அளந்து, தீ தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிச் சொல்லியே நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை 'சர்வேயர்' என்றே கூப்பிட்டது. அவரும் ஊரோடு சேர்ந்து மனைவியை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டார்.

"கட்டின பெண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடுற ஒரே ஆள் நீங்கதான்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

"முதல்லேருந்து சொல்லும்மா. அவசரமே இல்லை" என்றார் சர்வேயர்.

அண்ணன், தம்பி இருவரும் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். வந்தவள் தம்பியின் மனைவி. செத்தது அண்ணன். வீட்டில் இருந்தபடியே டைல்ஸ் வியாபாரம் செய்தவர்.

"வீட்டு லைட் எல்லாம் அவர் போன்ல, சார். ரூமுக்கு ரூம் ஸ்பீக்கர் வெச்சிருக்கார். நாம வாயால சொன்னா லைட் எரியும், அணையும். சுவர் சுவிட்சைத் தொடவே கூடாது. தொட்டா பல்புக்குக் கரண்ட் போயிடும், அப்புறம் சொல்பேச்சு கேக்காதாம். அதனால எல்லா சுவிட்ச் மேலயும் சிவப்பு டேப் ஒட்டி வெச்சிருக்கார்."

"நல்ல வசதிதானே?" என்றாள் சிஸ்டர்.

"யாருக்கு?" அவள் கசப்பாகச் சிரித்தாள். "குழம்புல உப்பு கூடினா சமையல்ரூம் லைட் போயிடும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா, அக்கா குளிக்கிற நேரத்துல பாத்ரூம் லைட் போயிடும். அக்கான்னா அவர் சம்சாரம். எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. லைட் போனா எங்க வீட்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். அவர் கோபம் தணியிற வரைக்கும் இருட்டுல உக்காந்திருப்போம். பழகிப்போச்சு."

சனிக்கிழமை மதியம் ஆபீஸ் ரூம் ஸ்பீக்கர் பழுதானது. அதைப் பொருத்திய லைட்டுக்காரரை வரவழைத்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கிறார் அண்ணன். லைட்டுக்காரர் பேசாமல் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துப் போனார். நாலு மணிக்கு டைனிங் ரூம் ஸ்பீக்கரைத் தன் அறையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார் அண்ணன். இவள்தான் வைத்தாள்.

"அதுல ஒரு கூத்து, சார். அவர் ரூம்ல உக்காந்து 'லைட்டைப் போடு'ங்கிறார், டைனிங் ரூம்ல எரியுது! ரூம் பேர் சொல்லலைன்னா அது தன்னோட சொந்த ரூம் லைட்டைத்தான் போடுமாம். நானும் என் வீட்டுக்காரரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். ரெண்டு தடவை திட்டிட்டு, அப்புறம் 'ஆபீஸ் ரூம் லைட்டைப் போடு'ன்னு பேர் சொல்லிச் சொல்ல ஆரம்பிச்சார்."

ஆறரைக்கு லைட்டுக்காரர் மறுபடி வந்து, ரிப்பேர் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு மணி சுமாருக்கு மாடியில் பாப்பாவின் அறை இருண்டது. பாப்பா அண்ணனின் ஆறு வயது மகள். இருட்டென்றால் மூச்சு நிற்கும் அளவுக்கு அலறுவாள். இவள் மாடிக்கு ஓடினாள். அவள் கணவன் மட்டும் டைனிங் ரூமில் இருந்தான். சற்று நேரத்தில் அந்த அறையும் இருண்டது. அண்ணன் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துத் தம்பி பின்பக்கம் போய்த் தனியாக நின்றிருக்கிறான். ஏழரைக்கு அக்கா ஊரிலிருந்து திரும்பினாள். நாலு நாள் தன் சொந்த அக்காள் வீட்டில் தங்கிவிட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவள், ஆபீஸ் ரூம் கதவைத் திறந்து வீல் என்று கத்தினாள்.

"நான் ஓடி வந்தேன். அந்த ரூம்ல மட்டும் லைட் பளீர்னு எரியுது. நாற்காலியோட சாஞ்சு கிடக்கார். பித்தளை மேஜை விளக்கோட அடித்தண்டு முழுக்க ரத்தம். சுவர்ல, கூரையில, காலண்டர்ல, எல்லாம் ரத்தம். அக்கா மடிப்புக் கலையாத புடவையோட மரம் மாதிரி நிக்கிறாங்க."

சிஸ்டரின் புருவம் லேசாக உயர்ந்தது.

"போலீஸ் என்ன சொல்றாங்க?" என்றார் சர்வேயர்.

"டைனிங் ரூம் ஸ்பீக்கர்லேருந்துதான் ரெண்டு ரூமையும் அணைச்சிருக்குன்னு போன்ல பதிவாகியிருக்காம். அந்த ஸ்பீக்கரும் டைனிங் ரூம்ல ஃபிரிட்ஜ் மேலதான் இருந்தது. அங்க இருந்தது இவர் மட்டும். என்னை மாடிக்கு விரட்ட பாப்பா ரூமை அணைச்சார், இருட்டுல போய்க் கொன்னார்ங்கிறாங்க. ஸ்பீக்கரை நான் அந்த ரூமுக்குக் கொண்டு போனேன்னு சொன்னா, புருஷனைக் காப்பாத்தக் கதை விடுறேன்னு சிரிக்கிறாங்க. நேத்து அவரைப் பாத்தேன். ஒரு கண்ணு வீங்கி மூடியே போச்சு. ஒத்துக்கன்னு அடிக்கிறாங்க, சார். இன்னும் ரெண்டு நாள் போனா ஒத்துக்குவார்."

சர்வேயர் எழுந்து சட்டையை மாட்டினார். சிஸ்டர் அதற்குள் செருப்புப் போட்டிருந்தாள்.

*

ஆபீஸ் ரூமில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சிஸ்டர் சுவரில் தெறித்திருந்த கோடுகளை அண்ணாந்து பார்த்தாள்.

"முதல் அடியிலயே ஆள் போயிருப்பார்" என்றாள் மெதுவாக. "மிச்சம் ஆறும் செத்தவரை அடிச்சது. இது திருட்டுக்கோ சொத்துக்கோ அடிச்ச அடி இல்லீங்க. வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச அடி."

சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார். திரை திறந்திருந்தது. பக்கத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் ஒரு கதவு. அதற்கப்பால் சின்னத் தோட்டம், ஒரு குழாய், சந்துக்குப் போகும் பக்கவாட்டு கேட்.

டைனிங் ரூமில் ஸ்பீக்கர் ஃபிரிட்ஜின் தலைமேல் இருந்தது. தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்து அலமாரியில், விரித்திருந்த காகிதத்தின் மேல், ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக ஒரு தடம் தெரிந்தது.

"இது என்னம்மா?" என்றாள் சிஸ்டர்.

"அங்கதான் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல சூடாகுதுன்னு வியாழக்கிழமை நான்தான் இறக்கி வெச்சேன். மறுபடி மேல எப்படிப் போச்சுன்னுதான் தெரியலை."

அப்போது அக்கா உள்ளே வந்தாள். நல்ல உயரம், வெளுத்த முகம். மேஜையில் யாரோ தள்ளி வைத்திருந்த உப்பு ஜாடியைப் பேசிக்கொண்டே பழைய இடத்தில் நகர்த்தி வைத்தாள். அவள் தண்ணீர் ஊற்ற டம்ளரை எடுத்தபோது சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். எலும்பு உடைந்து, வைத்தியம் பார்க்காமல், கோணலாகக் கூடியிருந்தது.

"எப்ப விழுந்தீங்க?"

"பாத்ரூம்ல. இருட்டுல வழுக்கிடுச்சு" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

சர்வேயர் கொலையுண்டவரின் போனை வைத்திருந்த இன்ஸ்பெக்டரோடு அரை மணி நேரம் பேசினார். "ஆணையை மட்டும் பாக்காதீங்க. அந்த ஸ்பீக்கர் எப்பெப்போ கரண்ட் இல்லாம இருந்து திரும்ப உயிர் வந்ததுன்னு இன்னொரு பக்கத்துல இருக்கும், அதையும் பாருங்க" என்று அவர் சொன்னது சிஸ்டரின் காதில் விழுந்தது.

"என்னங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அவள் வராந்தாவில் மறித்தாள்.

"நீ கண்டுபிடிச்சதைத்தான், சிஸ்டர்."

"நான் எதையும் சொல்லவே இல்லையே!"

"அதான் கவலையா இருக்கு" என்றார் அவர். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீ சொல்லாம வெச்சிருக்கே."

*

மாலை நாலு மணிக்கு எல்லாரும் டைனிங் ரூமில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். அவனது இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. லைட்டுக்காரர் கதவோரம் விறைப்பாக நின்றார்.

"அந்த ஸ்பீக்கர் சனிக்கிழமை ரெண்டு தடவைதான் கரண்ட் போய்த் திரும்ப உயிர் வந்திருக்கு" என்று ஆரம்பித்தார் சர்வேயர். "நாலு பத்துக்கு ஒரு தடவை. இந்தப் பொண்ணு ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனப்போ. அடுத்தது ஏழு பத்தொன்பதுக்கு. யாரோ திரும்ப இங்க கொண்டுவந்து மாட்டினப்போ. நடுவுல அது நகரவே இல்லை. அப்போ ஏழு எட்டுக்கும் ஏழு பன்னிரண்டுக்கும் அது எங்க இருந்தது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ் ரூம்ல."

"ஏழு எட்டுக்கு வந்த ஆணை 'பாப்பா ரூம் லைட்டை அணை'. ரூம் பேரோட இருக்கு. அது செத்தவர் சொன்னது. ஏழு பன்னிரண்டுக்கு வந்தது வெறும் 'லைட்டை அணை'. பேர் இல்லை. அதைச் சொன்னவங்க ஆபீஸ் ரூமை இருட்டாக்க நினைச்சாங்க. ஜன்னல் திறந்திருக்கு, கையெல்லாம் ரத்தம். சுவிட்ச் கைக்கெட்டுற தூரத்துல இருந்தும் தொடலை. டேப்பைத் தொடக்கூடாதுன்னு உடம்புல ஊறினவங்க. ஆனா அணைஞ்சது இந்த டைனிங் ரூம். ஆபீஸ் ரூம் எரிஞ்சுட்டே இருந்தது."

"இவருக்கு அந்தக் கூத்து தெரியும்" என்றாள் சிஸ்டர், தம்பியைக் காட்டி. "சாயங்காலம் பூரா சிரிச்சவர். இவர் சொல்லியிருந்தா ரூம் பேரைச் சொல்லியிருப்பார்."

"எனக்கும் தெரியும்" என்றார் லைட்டுக்காரர் அவசரமாக. "அந்த ரூம் ஸ்பீக்கர் என் பையில கிடந்துச்சு. அங்க ஒண்ணு உக்காந்திருந்தா அது வேற ரூமோடதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களைச் சொல்லலை" என்றார் சர்வேயர். "ஸ்பீக்கரைத் திரும்பக் கொண்டுவந்தவங்க அதை ஃபிரிட்ஜ் மேல வெச்சாங்க. வியாழக்கிழமையிலேருந்து அதோட இடம் அலமாரி. வீட்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை மதியம் வந்த இவரும் பாத்தார். ஃபிரிட்ஜ்தான் இடம்னு நினைக்க, போன வாரம் செவ்வாய்க்கிழமையோட வீட்டை விட்டுப் போனவங்களாலதான் முடியும்."



"மூணு மணி நேரம் பஸ்ல வந்தவங்க புடவையில ஒரு மடிப்பும் கலையலை" என்றாள் சிஸ்டர். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "தோட்டத்துக் குழாய்ல கழுவிட்டு, பெட்டியிலேருந்து எடுத்துக் கட்டினது. இல்லையாம்மா?"

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். "அக்கா?"

அக்கா மறுக்கவில்லை. "ஏழு மணிக்கு வந்தேன். பக்கத்து கேட் வழியா நேரா என் ரூமுக்கு வான்னு போன் பண்ணியிருந்தார். கத்தக்கூட இல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே பாப்பா ரூமை அணைக்கச் சொன்னார். 'நீ நாலு நாள் போனே, அவ நாலு மணி நேரம் இருட்டுல கிடக்கட்டும்'னார். மேல பாப்பா அலறுறா. என்னை எத்தனையோ தடவை இருட்டுல போட்டு அடிச்சிருக்கார். தாங்கிக்கிட்டேன். அந்த அலறலைத் தாங்க முடியலை. விளக்கை எடுத்தேன். எத்தனை அடின்னு நான் எண்ணலை."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த முகத்தைப் பாக்க முடியலை. லைட்டை அணைன்னு சொன்னேன். அணையலை. செத்த பிறகும் இந்த வீட்டு லைட் என் பேச்சைக் கேக்காதான்னு நெனச்சேன். ஸ்பீக்கர் எல்லாத்தையும் கேட்டிருக்குமோன்னு பயம். பிடுங்கித் துடைக்கும்போதுதான் அடியில மஞ்சள் கறையைப் பாத்தேன், டைனிங் ரூமோடதுன்னு தெரிஞ்சது. அது இருந்த இடத்துல கொண்டுபோய் வெச்சேன். யார் மேலயும் பழி போடணும்னு வைக்கலை. எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கிறது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்."

"மூணு நாள்!" இளையவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மூணு நாளா என் புருஷனைப் போட்டு அடிச்சாங்க. நீங்க எனக்குச் சோறு போட்டு, தலையைத் தடவி, அழாதேன்னு சொன்னீங்க!"

அவள் கை ஓங்கியது. அதே கணத்தில் அக்காவின் இரண்டு முழங்கைகளும் தலைக்கு மேல் போயின. தோள் சுருங்கியது, கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஆயிரம் தடவை செய்து பழகிய வேகம். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"பாப்பாவை யார் பாத்துப்பாங்கன்னு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டேன்" என்றாள் அக்கா, கைகளுக்குள்ளிருந்து. "என்னை மன்னிக்காதே. அவளை மட்டும் விட்டுடாதே."

இளையவளின் கை இறங்கியது. அவள் அடிக்கவில்லை. அணைக்கவும் இல்லை. தன் கணவனிடம் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தம்பியின் முகத்தைப் பார்க்காமலே அவன் கைவிலங்கைக் கழற்றினார். சிஸ்டர் அவர் முன்னால் போய் நின்றாள். "அந்தம்மா மணிக்கட்டு, விலா எலும்பு, எல்லாத்தையும் டாக்டர் பாக்கணும். எழுதி வாங்கணும். கோர்ட்ல நான் வந்து சொல்வேன். இன்னொரு ஆளோட கண்ணு இப்படி வீங்குச்சுன்னா அதையும் சேர்த்துச் சொல்வேன்."

வழக்கமாக மனைவியை அடக்கும் சர்வேயர் இந்தத் தடவை அடக்கவில்லை.

வாசல்வரை போன அக்கா, திரும்பி இளையவளைப் பார்த்தாள். "பாப்பா ரூம்ல, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்ச் இருக்கு" என்றாள். பிறகு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

ஜீப் போன பிறகு இளையவள் மாடி ஏறினாள். சிஸ்டர் பின்னால் போனாள். குழந்தை கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளையவள் சிவப்பு டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, சுவரின் சுண்ணாம்போடு சேர்த்து ஒரே இழுப்பாகப் பிய்த்தாள்.

"சித்தி, தொட்டா அப்பா திட்டுவார்" என்றாள் பாப்பா.

"திட்ட மாட்டார். நீ தொடு."

குழந்தை விரலை நீட்டி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டினாள். டக் என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. இன்னொரு டக். எரிந்தது. அவள் சித்தியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.