ஆறு நக மோதிரம்

தலையணையை வெயிலில் போடப் போன கமலவேணி அம்மாள், மகனின் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மோதிரம் இருந்தது. அதிலிருந்த வைரம் இல்லை.

1957 ஆகஸ்ட், காலை எட்டு மணி. மலாக்கா காஜா பெராங்கில் வீட்டுக்கு வீடு சுதந்திரத்துக்குக் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் சேதுபதியின் வீட்டில் மட்டும் தலையணையைக் கிழித்து, இலவம்பஞ்சை முறத்தில் போட்டு உதறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு வீடெல்லாம் பறந்தது. வைரம் வரவில்லை.

அது மாப்பிள்ளை மோதிரம். மகன் கருணாகரனுக்கும் உஜோங் பாசிர் ஊர்ப் பெண் விஜயாவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டார் போடும் வைரம் மாப்பிள்ளைக்கு ஆகுமா என்று பார்க்க, அதை முன்கூட்டியே வாங்கி மூன்று இரவு அவன் தலையணைக்கு அடியில் வைப்பது இவர்கள் வழக்கம். கெட்ட கனவோ கெட்ட சேதியோ வராமல் மூன்று இரவும் கழிந்தால் ராசியான கல். வந்தால் தோஷமுள்ள கல். சில வீடுகளில் கல்லோடு சேர்த்துப் பெண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சேதுபதி வீட்டில் இரண்டு இரவு முடிந்திருந்தது.

காலையில் கருணாகரன் எழுந்தபோது கல் மோதிரத்தில் மின்னியதை அவனே பார்த்தான். அவன் குளிக்கப் போன பிறகு அந்த அறைக்குள் போனவர்கள் மூன்று பேர். பெருக்கப் போன வேலைக்காரி நாகம்மா. திருநீறு எடுக்கப் போன சேதுபதியின் தங்கை தெய்வானை. தலையணை எடுக்கப் போன கமலவேணி. மூன்று பேரில் திருடி யார் என்று கண்டுபிடிக்க சேதுபதிக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எப்போதும் ஏழை வீட்டு விலாசத்தைத்தான் முதலில் விசாரிக்கும்.

அவர் வாசல் கேட்டில் நின்று, "பெஞ்சூரி! பெஞ்சூரி!" என்று கத்தினார். எதிர்வரிசை முழுக்க மலாக்கா செட்டி வீடுகள். சாமி கும்பிடுவது நம் சாமிதான் என்றாலும் வீட்டில் பேசுவது மலாய். 'திருடி' என்று தமிழில் கத்தினால் அவர்களுக்குப் புரியாமல் போய்விடுமே என்று, அந்தக் கோபத்திலும் மலாயில் கத்தும் நிதானம் அவருக்கு இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. நாகம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் துணி துவைக்கும் கல் மேல் போய் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. இந்தத் தெருவில் நான்கு வீடுகளில் அவள் வேலை செய்கிறாள். ஒரு வீட்டில் திருடி என்றால் நான்கு வீட்டிலும் திருடிதான். அடுத்த வாரச் சோறு என்ன ஆகும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கருணாகரன் மட்டும் அப்பாவோடு சேர்ந்து கத்தவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பின்னால் இன்ஸ்பெக்டர் கலியாணசுந்தரத்தை ஏற்றிக்கொண்டு வந்தான்.

இன்ஸ்பெக்டர் பருமனான மனிதர், எதிலும் அவசரப்படாதவர். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் காரியமாகத் தன் இரண்டு முழங்கால்களையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, இந்த வண்டிக்கு பிரேக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப ஒரு தடவையாவது அதை அமுக்கியிருக்கலாமே, லா."

கூடத்தில் உட்கார்ந்தார். கொப்பி வந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் மோதிரத்தைக் கேட்டார்.

மோதிரத்தில் கல்லைக் கவ்விப் பிடிக்கும் சின்னச் சின்னத் தங்க நகங்கள் ஆறு. அதில் ஒன்று வெளியே நிமிர்ந்து நின்றது. அதில் தலையணை உறையின் நூல் ஒன்று சிக்கி, கொஞ்சம் பஞ்சும் ஒட்டியிருந்தது. மற்ற ஐந்தும் ஒழுங்காக மடிந்திருந்தன. இன்ஸ்பெக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிந்த நகங்களில் ஒன்றின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒரு பொட்டு. தன் விரல் நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது.

"யார் முதல்ல பார்த்தது?"

"நான்தான்" என்றாள் கமலவேணி. "நூலு மாட்டி இழுத்திருக்கு. நம்ம வீட்டுத் தலையணை, நம்ம தப்பு. பொண்ணு வீட்டுக்காரங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"விழுந்த கல்லு பஞ்சுக்குள்ள இல்லையே?"

"அதான் நாகம்மா எடுத்துட்டா!" என்றார் சேதுபதி.

"இல்லங்க. அவ எடுக்கல." கமலவேணியின் குரல் உறுதியாக வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்திருக்க மாட்டா."

இன்ஸ்பெக்டர் நாகம்மாவிடம் போனார்.

"பெருக்கும்போது மோதிரத்தைப் பார்த்தியா?"

"தலவாணிக்கு அடியில இருக்கறத நான் ஏங்க பாக்கறேன்? எனக்குக் கட்டிலுக்கு அடியிலதான் வேலை."

"உன்னைச் சோதிச்சாங்களா?"

"சுருக்குப் பைய உதறுனாங்க, முந்தானைய உதறுனாங்க. இன்னும் என்னத்த உதறணும்?"

அடுத்து தெய்வானை. அவளுக்குத் தன் மகளைக் கருணாகரனுக்குக் கட்டி வைக்க ஆசை இருந்தது. அது நடக்காத எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"நான் திருநீறு எடுத்தேன், வந்தேன். கட்டில் பக்கமே போகல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. மூணு நாள் முடியறதுக்குள்ள கல்லே ஓடிப்போச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? மட்டமான மோதிரத்தப் போட்டு ஏமாத்தற குடும்பம். அண்ணே, இந்தச் சம்பந்தம் வேணாம்."

சேதுபதி பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் பாதி சம்மதம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கருணாகரன் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்ப, பத்து மணிக்கு நகைக்கடைத் தெருவான ஜாலான் துக்காங் எமாஸிலிருந்து மோதிரம் செய்த ஏகாம்பரம் ஆசாரி வந்து சேர்ந்தார். தன் பெயர் கெட்டுப்போகப் போகிறது என்ற கவலையில் வழியெல்லாம் வியர்த்திருந்தார்.

"நான் நாலு நகந்தான் வைக்கலாம்னேன், சார். நாலு வெச்சா கல்லு நல்லா தெரியும், பார்வையா இருக்கும். அந்தப் பொண்ணு விஜயாதான் கேக்கல. 'நாலுல ஒண்ணு போனா கல்லும் போயிடும். ஆறுல ஒண்ணு போனா அஞ்சு பிடிச்சிருக்கும். ஆறு வைங்க'ன்னுச்சு. கல்லு மூடிப் போகுமேன்னேன். 'அவரு மோட்டார் சைக்கிள் ஓட்டற கைங்க. எங்கயாவது இடிச்சிக்கிட்டேதான் இருப்பாரு'ன்னு சொல்லி ஒத்தக் கால்ல நின்னுருச்சு."

கருணாகரனின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

வந்தவருக்கு உபசாரமாகக் கமலவேணி பாக்குவெட்டியோடு வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆசாரி வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட்டு, சுண்ணாம்பு வைத்திருக்கும் பித்தளைக் கரண்டகத்துக்குக் கை நீட்டினார். கமலவேணி அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது காஞ்சு போச்சு ஆசாரி. சும்மாப் போட்டுக்குங்க."

"நேத்து சாயந்திரந்தானே அண்ணி நான் குழைச்சு வெச்சேன்?" என்றாள் தெய்வானை. "அதுக்குள்ள எப்படிக் காஞ்சுது? சுண்ணாம்பு இல்லாத வெத்தலைய ஆடுதான் திங்கும்."

ஆசாரி மரியாதைக்காக ஆடு மாதிரியே மென்றார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோதிரத்தை அவரிடம் நீட்டினார்.

"ஆசாரி, கல்லு அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு இருக்கா?"

ஆசாரியின் பையில் இருந்தது. அந்தக் கல்லுக்கு இடம் அளப்பதற்காகவே செதுக்கிய துண்டு.

"நிமிர்ந்த நகம் நிமிர்ந்தபடியே இருக்கட்டும். மத்த அஞ்சையும் தொடாம, இதை உள்ளே வைங்க பார்ப்போம்."

ஆசாரி முயன்றார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கண்ணாடி உள்ளே இறங்கவில்லை.

"போகாது சார்."

"உள்ளே போகாதது வெளியேயும் வராது. நூல் மாட்டி ஒரு நகம் நிமிர்ந்தது மட்டும்னா, வைரம் இந்நேரம் மோதிரத்துலயே இருக்கணும். அந்தப் பொண்ணு ஆறு நகம் கேட்டதே அதுக்குத்தானே?"

எல்லாரும் நெருங்கி வந்தார்கள். நாகம்மாவும் வாசற்படி வரை வந்து நின்றாள்.

"இன்னொண்ணு பாருங்க. மடிஞ்சிருக்கற அஞ்சுல மூணு, கல்லோட விளிம்பு இருந்த உயரத்துல நிக்குது. நிமிர்ந்த நகத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்த ரெண்டு மட்டும் குழிக்குள்ள இறங்கிக் கிடக்கு. கல்லு இருந்த இடத்துக்குள்ளேயே நுனி போயிருக்கு. கல்லு உள்ளே இருந்தா நகம் அங்கே போக முடியுமா?"

"முடியவே முடியாது" என்றார் ஆசாரி.

"அப்போ இந்த ரெண்டையும் கல்லு போன பிறகு யாரோ மடக்கியிருக்காங்க. மூணு நகத்தை நெம்பி, கல்லை எடுத்து, ரெண்டைப் பழையபடி அமுக்கிட்டு, ஒண்ணுல மட்டும் நூலைச் சுத்தி விட்டிருக்காங்க. இப்ப யோசிங்க. திருட வந்தவ மோதிரத்தோட போயிருப்பா. உட்கார்ந்து நகத்தை மடக்கிக்கிட்டா இருப்பா?"

சேதுபதி குனிந்து அந்த நகங்களைப் பார்த்தார்.

"சரி, இந்தக் கல்யாணத்தை நிறுத்தணும்னு நினைக்கறவங்க எடுத்திருந்தா?" இன்ஸ்பெக்டர் தெய்வானையைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மூணு நகமும் பல்லிளிச்சுக்கிட்டு நின்னாத்தான் அவங்களுக்கு லாபம். மட்டமான வேலை, மட்டமான குடும்பம்னு காட்டலாம். அவங்களும் மடக்க மாட்டாங்க. மடக்கினவங்களுக்கு ஒரே ஒரு கவலைதான். மோதிரத்துல குத்தம்னு யாரும் சொல்லிடக் கூடாது. பொண்ணு வீட்டு மேல பழி வந்துடக் கூடாது. நம்ம வீட்டுத் தலையணை, நம்ம தப்பு."

கமலவேணி தரையைப் பார்த்தாள்.

"நெம்பறதுக்குப் பாக்குவெட்டி. அமுக்கறதுக்கும் அதுவே. அதுல இருந்த சுண்ணாம்பு ஒரு பொட்டு இங்கே ஒட்டிக்கிச்சு. மிச்சச் சுண்ணாம்பு எப்படி ஒரே ராத்திரியில காஞ்சுபோச்சுன்னு பார்ப்போமா அம்மா?"

அவர் கரண்டகத்தைத் திறந்து, வெற்றிலைக் காம்பால் கிளறினார். ஈரமான சுண்ணாம்புக்குள் ஏதோ டக்கென்று பித்தளையில் தட்டியது. கொப்பிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அலசினார். வைரம் வந்தது.

கமலவேணி அழ ஆரம்பித்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"நேத்து ராத்திரி கனா கண்டேன். பத்து பெரெண்டாம் ரோட்டுல மழை. இவன் வண்டி மட்டும் கெடக்குது, இவனக் காணல. வெளிய சொன்னா, பொண்ணு ராசியில்லன்னு இதே கூடத்துல வெச்சு முடிச்சிடுவாங்க. நல்ல பொண்ணுங்க அது. சொல்லாம விட்டா, அந்தக் கல்லு எம்புள்ள கையில ஏறும். நான் என்னா செய்யறது? தொலைஞ்சு போச்சுன்னு ஆயிட்டா ரெண்டும் தப்பிச்சிடும்னு நெனச்சேன். கல்யாணம் முடிஞ்சதும் சம்பந்தி கையில குடுத்து வேற கல்லு மாத்திக்கச் சொல்லலாம்னு இருந்தேன். நாகம்மா மேல பாயுவீங்கன்னு சத்தியமா நெனக்கல. சொல்லிடலாம், சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பயந்துட்டேன்."

கருணாகரன் அம்மாவின் அருகில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் தன் முழங்காலை மறுபடியும் தடவிக்கொண்டார்.

"மோதிரம் இருந்தது தம்பி தலைமாட்டுல. கனவு வந்தது பக்கத்து ரூம்ல உங்களுக்கு. நானும் இன்னிக்குக் காலையில அந்த வண்டியில வந்தேன் அம்மா. எனக்கும் இன்னிக்கு ராத்திரி அதே கனவு வரும். நான் எந்த வைரத்தையும் தொடல. உங்களுக்கு எதுல பயமோ, அதே பயத்துலதான் அந்தப் பொண்ணும் கடையில நின்னு ஆறு நகம் கேட்டிருக்கா."

கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள். வைரத்தைப் பார்த்தாள். பிறகு ஆசாரியைப் பார்த்தாள்.

"எட்டு வைக்க முடியுமா ஆசாரி?"

சேதுபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கையைப் பார்த்து, "கல்யாணம் நடக்கும்" என்று மட்டும் சொன்னார். தெய்வானை சுண்ணாம்பு குழைக்கப் போய்விட்டாள்.

பிறகு அவர் வாசற்படியில் நின்ற நாகம்மாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "நாகம்மா, தெரியாம சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத. உள்ள வா."

நாகம்மா வரவில்லை.

"இங்க கூடத்துல மெதுவா சொல்றீங்க ஐயா. காலைல அங்க நின்னுல்ல சொன்னீங்க."

கமலவேணிதான் முதலில் எழுந்தாள். நாகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றாள். சேதுபதி பின்னால் வந்தார். தெருவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நாகம்மா ஒண்ணும் எடுக்கல! கல்லு கெடைச்சிருச்சு!"

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு செட்டி அம்மாள் தலையை நீட்டினாள். "அப்பா டியா சக்காப்?" என்று உள்ளே யாரையோ பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"தமிழ்ல சொன்னா அவங்களுக்கு எப்படிங்க புரியும்?" என்றாள் நாகம்மா.

சேதுபதி கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார். கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாகம்மா புக்கான் பெஞ்சூரி!" என்று, அவள் திருடி இல்லை என்பதை மலாயிலேயே கத்தினார். "புக்கான் பெஞ்சூரி!"

காலையில் கத்திய அதே சத்தம் வரும்வரை நாகம்மா அவரை விடவில்லை. அப்புறம்தான் உள்ளே போய், கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து, பறந்து கிடந்த பஞ்சைப் பெருக்க ஆரம்பித்தாள்.