அசையாத தரை

ஏழாவது நிமிடத்தில் செலஸ்டினுக்கு வாயில் நீர் ஊறியது. எட்டாவது நிமிடத்தில் நெற்றி வேர்த்துக் குளிர்ந்தது. காலுக்குக் கீழே மேகங்கள் ஓடின. சற்று முன்னால் மகள் பிரிஸ்கா சிறகை மடக்கிக் குப்புறப் பாய்ந்து, "வாங்கப்பா, இந்தப் பள்ளத்துக்குள்ள இறங்குவோம்" என்று கூப்பிட்டாள். அவர் கண்ணில் மாட்டியிருந்த விழிக்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினார்.

வாய் கொப்பளித்துத் திரும்பியபோது, மகள் கட்டிலில் அசையாமல் மல்லாந்து கிடந்தாள். முதுகெலும்பில் அறுவை முடிந்து பதினோரு மாதம். இன்னும் எழுந்து உட்காரவே அனுமதி இல்லை. அவளுக்குக் கால் இருந்த ஒரே இடம் மேகத்தீவு என்ற அந்த விளையாட்டுதான். பள்ளித் தோழிகள் கூடுவதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் வந்து பறப்பார்கள்.

"பரவால்லப்பா. உங்களுக்கு ஒத்துக்கலைன்னா விடுங்க" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

செலஸ்டின் தென்கரைத் துறைமுகத்தில் இழுவைப்படகின் தலைவர். இருபத்திரண்டு வருடம் புயலிலும் கொண்டல் காற்றிலும் கப்பல் இழுத்தவர். ஒருநாள்கூடக் கடலில் அவருக்குக் குமட்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டு நிமிடம் விளையாட முடியவில்லை என்பதை அவரால் யாரிடமும் சொல்லவே முடியவில்லை.

கடைசியில், விளையாட்டில் குமட்டுகிறவர்களுக்குக் காதுக்கருவி பொருத்தும் சமனி நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த இளவேனில்தான் அதை விளக்கினாள். "கடல்ல படகு சாஞ்சா உங்க கண்ணுக்கும் தெரியும், உள்காதுக்கும் தெரியும். ரெண்டும் ஒரே சேதியைச் சொல்லும். விளையாட்டுல கண்ணு பறக்குறேன்னு சொல்லுது, காது சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்லுது. சாட்சி ரெண்டும் முரண்பட்டா, ஏதோ விஷத்தைத் தின்னுட்டோம்னு உடம்பு நினைச்சுக்குது. அதான் வெளிய தள்ளுது."

"அதுக்கு என்னம்மா வழி?"

"காதைக் கண்ணு பக்கம் சேத்துருவோம்."

செவிச்சமனி என்ற அந்தக் கருவி புளியங்கொட்டை அளவே இருந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் உட்கார்ந்து, விளையாட்டில் கண் காண்கிற அசைவையெல்லாம் மெல்லிய மின்துடிப்புகளாக உள்காதுக்கு ஓதியது. ஊரில் பாதிப் பேர் ஏற்கனவே பொருத்தியிருந்தார்கள். பிரிஸ்காவுக்கும் இருந்தது.

அன்று மாலையே செலஸ்டின் மேகத்தீவில் ஒரு மணி நேரம் இருந்தார். தரையில் இறங்கியதும் பிரிஸ்கா ஓடி வந்து அவர் எதிரில் நின்றாள். அந்த விளையாட்டு அவரவர் உடலை உள்ளபடி அளந்து காட்டுவது. மகளின் தலை அவர் காதை எட்டியது. மருத்துவமனைக்குப் போகும்போது தோளுக்குக்கூட வராத பிள்ளை. படுத்தே வளர்ந்திருக்கிறாள். பதினோரு மாதமாகக் கட்டிலில் நீளமாக மட்டுமே பார்த்துவந்த மகளை அவர் அப்போதுதான் உயரமாகப் பார்த்தார்.

"என்னப்பா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல மக்ளே. வா, பறப்போம்."

அதன்பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் அங்கேதான். மூன்று மாதம் போனதே தெரியவில்லை.

முதலில் படிக்கட்டில்தான் தடுமாறினார். அதைத் தூக்கக் குறைவு என்று தள்ளிவிட்டார். பிறகு ஒரு காலை, ஒரு சரக்குக் கப்பலைத் துறைக்குள் இழுத்து வரும்போது, சாதாரண அலைதான், வாயில் அந்தப் பழைய நீர் ஊறியது. சுக்கானை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

எந்திர ஓட்டுநர் கிளாடியஸ் விழுந்தடித்து வந்து சுக்கானைப் பிடித்தான். முதலில் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி... என்ன செய்யுது? உங்களுக்கா?"

படகு துறைமேடையில் லேசாக உரசியதோடு தப்பியது. மறுநாள் அவரைக் கரைவேலைக்கு மாற்றினார்கள்.

சமனி நிலையத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. சிலர் சுவரைப் பிடித்திருந்தார்கள். நிற்கிற பேருந்தில் மயங்கியவர்கள், மாடிப்படியில் வாந்தி எடுத்தவர்கள், கோவிலைச் சுற்றும்போது சுருண்டு விழுந்தவர்கள்.

இளவேனில் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். "சமனி சொல்லுறதையே கேட்டுக் கேட்டுக் காது தன் வேலையை மறந்துருச்சு சார். விளையாட்டுக்கு வெளிய சமனி பேசாது. காதுக்கும் சொந்தமாச் சொல்லத் தெரியல."

"இப்ப என்ன செய்ய?"

"முழுநாள் சமனி வந்திருக்கு. காலைல கண்ணு முழிக்கிறதுல இருந்து கூடவே பேசிக்கிட்டிருக்கும். இன்னிக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்."

"அதைக் கழட்டவே கூடாதா?"

"கழட்டணும்னு ஏன் நினைக்கிறீங்க?" என்றாள். பிறகு, அந்த வாக்கியம் தன்னுடையது இல்லை என்பதுபோல, குரலைத் தாழ்த்தினாள். "மொத்தமா எடுத்துரலாம். அம்பது, அறுபது நாள் தலை சுத்தும், வாந்தி வரும். காது மெல்ல மெல்லத் திரும்பக் கத்துக்கும். ஆனா சமனி இல்லாம விளையாட்டுக்குள்ள உங்களால போக முடியாது, மறுபடி வச்சாக் காது மறுபடி மறந்துரும்."

செலஸ்டின் முடிவெடுக்காமலே வீடு திரும்பினார். சொந்தக் காதை விடுவதா, மகளோடு பறப்பதை விடுவதா என்று ஒரு வாரம் தனக்குள் உழன்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் மருத்துவர் பிரிஸ்காவை எழுந்து நிற்கச் சொன்னார். எலும்பு கூடிவிட்டது, காலில் வலு இருக்கிறது, இனி பயமில்லை என்றார். அம்மா அல்போன்சா ஒரு பக்கமும் செலஸ்டின் மறுபக்கமும் பிடித்தார்கள். பிரிஸ்காவின் பாதம் தரையைத் தொட்டது. மூன்று நொடி நின்றாள். கண் செருகியது. அப்பாவின் சட்டை முழுக்க வாந்தி எடுத்தாள்.

"அங்க ஓடினேனேப்பா" என்று அழுதாள். "இங்க நிக்கக்கூட முடியலையே."

"முழுநாள் சமனி வச்சா நாளைக்கே நடப்பா" என்றார் மருத்துவர்.

செலஸ்டின் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. இரண்டு வழியையும் சொன்னார். இரண்டு மாதம் குமட்டும் என்பதையும், மேகத்தீவு இல்லாமல் போகும் என்பதையும் சொன்னார்.

பிரிஸ்கா காதுக்குப் பின்னால் இருந்த சிறு மேட்டைத் தடவிப் பார்த்தாள். "என் காலு தரையைத் தொட்டது எனக்கே தெரியலப்பா. அதான் பயமா இருந்துச்சு. எடுத்துருவோம். நீங்க?"

"நானும்தான்."

அடுத்த ஐம்பது நாள் அந்த வீட்டில் இஞ்சிச் சாறும் கஞ்சியும்தான். கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடப்பது, உட்காருவது, குமட்டுவது, மறுபடி நடப்பது. "ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு எடுக்கீங்க" என்று அல்போன்சா அலுத்துக்கொண்டே தரையைத் துடைத்தாள். நாற்பதாம் நாள் பிரிஸ்கா இரண்டு ஊன்றுகோலோடு வாசல்வரை போனாள். செலஸ்டின் படகில் ஏறி, துறைக்குள் ஒரு சுற்று மட்டும் வந்தார்.

மேகத்தீவில் அவளைக் காணாமல் ஏங்கிய தோழிகள் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எல்லோரும் முழுநாள் சமனிக்காரிகள். மாடிக்கும் கூடத்துக்கும் ஓடினார்கள், ஆடினார்கள். பிரிஸ்கா ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடப்பதைப் பார்த்து மெரீசா என்ற பெண் பரிதாபப்பட்டாள். "ஏட்டி, ஒத்தை நாள்ல சரியாப் போறதுக்கு ஏன் இப்படிச் சீரழியுத?" பிரிஸ்காவின் முகம் சிவந்துபோனது. ஊன்றுகோலைத் தட்டி மேலும் இரண்டு எட்டு வைத்தாள்.

மூன்றேகால் மணிக்குச் சமனிகளை இயக்கும் நடுவத்திலிருந்து மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தது. அதில் எங்கோ ஒரு பிழை. ஊரில் இருந்த சமனிகள் எல்லாம் ஒரே நொடியில் பேச்சை நிறுத்தின.

கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த மெரீசா அப்படியே சரிந்தாள். இன்னொருத்தி கதவு நிலையைக் கட்டிப்பிடித்தாள். வெளியே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நடைபாதையில் மனிதர்கள் கைகளை ஊன்றித் தவழ்ந்தார்கள். "தரை ஆடுது, தரை ஆடுது" என்று ஒரு குழந்தை அலறியது. செலஸ்டின் தெருவுக்கு ஓடி, சாலை நடுவில் கிடந்தவர்களை ஓரத்துக்கு இழுத்தார்.

உள்ளே பிரிஸ்கா ஊன்றுகோலை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொருத்தியாகச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தாள்.

"கண்ணை மூடாதீங்க, இன்னும் சுத்தும்" என்றாள். "அசையாத ஒண்ணைப் பாருங்க."

"எல்லாமே அசையுதுட்டி" என்று மெரீசா தேம்பினாள். "எதைப் பாக்க?"

பிரிஸ்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"என்னையப் பாருங்க."

பத்துக் கண்கள் அவளைப் பற்றிக்கொண்டன. அவளுக்கும் உள்ளுக்குள் லேசாகச் சுற்றத்தான் செய்தது. இரண்டு ஊன்றுகோல்களையும் தரையில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, தன்னால் முடிந்த மட்டும் அசையாமல் நின்றாள்.