கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து சீட்

அவன் எழுந்து போகவில்லை.

அஸ்வினிக்கு அதுதான் முதல் அதிர்ச்சி.

திண்டிவனத்தில் பஸ் கிளம்பியதிலிருந்து நடந்தது எல்லாம் வழக்கம்போலத்தான். ஜன்னலோரம் அவள். பக்கத்து சீட்டில் கருவாட்டுக் கூடை. உட்கார வந்த டிப்டாப் ஆசாமி ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போனார். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டே இடம் மாறினார்கள். வெளியே மழை கொட்ட, எல்லா ஷட்டரும் இறங்கியிருக்க, பஸ்ஸுக்குள் வாளைக் கருவாட்டின் ராஜாங்கம்.

பெருமுக்கல்லில் பிறந்து, அம்மாவோடு கருவாடு விற்று வளர்ந்தவளுக்கு, பக்கத்து சீட் என்றைக்கும் காலிதான்.

அப்போதுதான் அவன் வந்து நின்றான். தொப்பி. முகமூடி. இரண்டுக்கும் நடுவே, மழையில் நனைந்த நாவல் பழங்கள் மாதிரி இரண்டு கண்கள்...

"கூடையக் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

"கருவாடு சார்."

"தெரியுதுங்க."

உட்கார்ந்தேவிட்டான்.

அஸ்வினி கூடையை இருவருக்கும் நடுவில் வேலி மாதிரி வைத்துக்கொண்டாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். புருவம்கூட நெளியவில்லை. யார் இவன்?

"முகமூடி எதுக்கு சார், என் கூடைக்கா?"

"ஜலதோஷங்க."

"அப்பக் கழட்டிட்டு ஒரு தடவ மோந்து பாருங்க. ஜலதோஷம் விக்கிரவாண்டியிலயே எறங்கி ஓடிடும்."

சிரித்தான். வாய் தெரியவில்லை, கண்கள் சிரித்தன.

ஓங்கூர் தாண்டித் தண்ணீரில் கார் நின்றுவிட்டதாம், அதனால்தான் பஸ் என்றான். அவள் தினமும் இதே பஸ்ஸில் விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போவதைச் சொன்னாள். இன்றைக்கு மட்டும் கோலியனூர். டிவியில் வருகிற செஃப் அலெக்ஸுக்கு ஷூட்டிங்காம், கருவாடு கேட்டிருக்கிறார்கள்.

"ஆவிய மோந்தே உப்பு சொல்லுவானாம் சார் அந்தாளு. கண்ண மூடிக்கினு என்னா ஒரு சீன் போடுறான் தெரியுமா... எல்லாம் டிவிக்காக."

அவன் ஷட்டரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்.

"அவன் பொய் சொல்றான்னு நெனைக்கிறீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? கருவாட்டுக்குப் பயப்படாத நீங்க போயி அந்த எடத்துல நின்னா நான் நம்புவேன்."

விழுப்புரத்தில் இறங்கி அவன் கூட்டத்தில் மறைந்தபோது, அவளுடைய மனசின் ஒரு துண்டும் கூடவே இறங்கிப் போயிருந்தது.

கோலியனூரில் இரண்டாவது அதிர்ச்சி.

தோப்புக்குள் லைட், கேமரா, குடை. நடுவில் தொப்பியையும் முகமூடியையும் கழற்றிக்கொண்டிருந்தவனுக்கு... நாவல் பழக் கண்கள்.

செஃப் அலெக்ஸ்.

அஸ்வினிக்கு மரத்துக்குப் பின்னால் ஒளியலாம் போலிருந்தது. மூஞ்சிக்கு நேராக என்னவெல்லாம் சொல்லித் தொலைத்தோம்! கெடாரில் பிறந்தவன். ஊர்த் திருவிழாக்களுக்குச் சமைக்கும் அப்பா சவுரிராயனின் அண்டாக்களுக்கு நடுவே வளர்ந்தவன். சென்னையில் பெரிய ஓட்டல், அப்புறம் டிவி. ஆவியை மோந்து அவன் "உப்பு அரைச் சிட்டிகை" என்றால் தமிழ்நாடே போட்டது.

அவன் அவளைப் பார்த்தான். ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினான். அவள் கன்னம் அடுப்பில்லாமலே வெந்தது.

சமையல் முடிந்ததும் தட்டு அலங்கரிக்கும் பானுப்ரியா அஸ்வினியைக் கைவேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மேடையில் ஒரே மாதிரி இரண்டு மண்சட்டி. ஒன்றில் சாப்பிடுகிற குழம்பு. இன்னொன்று கேமராவுக்கு, கொதி அடங்காத மாதிரி நுரை நிற்க வேண்டும் என்பதற்காக, அதில் பானுப்ரியா பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினாள். டிவியில் மினுங்குவது பாதி இப்படித்தானாம். வாயில் மட்டும் வைத்துவிடாதே என்று எச்சரித்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனாள்.

திடீரென்று தூறல். எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் ஓட, இரண்டு சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடியவள் அஸ்வினி. மேஜையில் வைத்தவளும் அவளே. டைரக்டர் ஜெகதீசன் ஜல்தி ஜல்தி என்று விரட்ட, கேமரா ஓடியது.

அலெக்ஸ் சட்டியைத் திறந்தான். கண்ணை மூடினான். ஆவியை ஆழமாக இழுத்தான். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, விழுங்கினான்.

"ஆஹா... எங்க கெடார் வாசனை. உப்பு அளவா, அம்சமா இருக்கு."

அஸ்வினியின் பார்வை அவன் உதட்டோரத்தில் நிலைகுத்தி நின்றது.

அங்கே ஒரு நுரைக் குமிழி. வானவில் நிறத்தில்.

சட்டி மாறிவிட்டது. மாற்றியவள் நான். ஆனால் இவன்... இவனுக்குத் தெரியவில்லையா? சோப்பை விழுங்கிவிட்டு ஆஹா என்கிறானே?

அடுத்த கரண்டி, விருந்தாளியாக வந்திருந்த மகளிர் குழுத் தலைவி வீரம்மாளின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. வீரம்மாள் துப்பினால் போதும்... கேமரா முன்னால் இவன் மானம், பேர், வாழ்க்கை எல்லாமே தரையில்.

அஸ்வினி பாய்ந்தாள். கரண்டி பறந்தது. சட்டி சுக்குநூறு.

ஜெகதீசன் கத்திய கத்தலில் தார்ப்பாய் கிழியாததுதான் ஆச்சரியம். கிறுக்கு, தரித்திரம், கருவாட்டுக்காரியை உள்ளே விட்டது யார்... எல்லாவற்றையும் அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். சோப்பு என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

கூடையை எடுத்துக்கொண்டு தோப்பின் ஓரத்துக்கு வந்தபோது அலெக்ஸ் பின்னாலேயே ஓடி வந்தான். எதற்காக அப்படிச் செய்தாள் என்று கேட்டான். அவள் உதட்டைக் காட்டித் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அது கேமரா சட்டி. சோப்பு."

அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனது. வழவழவென்று இருந்ததை எண்ணெய் என்று நினைத்தானாம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கும் நாக்கும் சேர்ந்தே போய்விட்டனவாம். ஆவியைப் பார்த்து, கை அளவை வைத்து, காலத்தை ஓட்டுகிறானாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் பொழப்பே இந்த மூக்குதாங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன்."

பளாரென்று அறை வாங்கியது போலிருந்தது அஸ்வினிக்கு.

"விக்கிறதுக்கு எங்கிட்ட கருவாடு மட்டுந்தான் சார் இருக்கு."

திரும்பினாள். அப்போதுதான் அது உறைத்தது. பஸ்... அந்த சீட்... வாசனையே தெரியாதவன் எழுந்து போகாததில் என்ன அதிசயம்? இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தன் என்று நினைத்தேனே...

மழை அவள் முகத்துக்குத் துணையாக நன்றாகவே பெய்தது.

மறுநாள் காலை. அதே பஸ். அதே கூடை. அதே காலி சீட்.

தொப்பி இல்லாமல், முகமூடி இல்லாமல் ஏறினான் அலெக்ஸ். முன் சீட்டுகளில் கிசுகிசுப்பு; ஒருவர் செல்போனைத் தூக்கினார். அவன் நேராக வந்தான். அஸ்வினி கூடையை நகர்த்தவில்லை. பாதி சீட்டில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நேத்து நீங்க போனதும் கேமராவ ஓடவுட்டுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. எனக்கு வாசன தெரியாது, ருசி தெரியாது, சட்டிய உடைச்ச பொண்ணு என்னைக் காப்பாத்துனாங்கன்னு."

அஸ்வினி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ... ஷோ?"

"இருக்குமா தெரியல. ஜெகதீசன் சார் தலையில கைய வெச்சிக்கினு உக்காந்துட்டாரு. பரவால்ல, கை இருக்கு, சமைப்பேன்."

அவள் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்கு எதுக்கு இங்க வந்தீங்க? மோப்பம் தெரியாத ஆளு கருவாட்டுப் பக்கத்துல உக்கார்றது பெரிய காரியமா?"

அவன் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

"மூக்குதாங்க போச்சு, கண்ணு இருக்கு. நேத்து படியில நின்னுக்கினு பாத்தேன். அந்தாளு மூக்கப் பொத்திக்கினு போனாரு. அந்தப் பொண்ணுங்க சிரிச்சிக்கினு போச்சுங்க. நீங்க மூடின ஷட்டர வேடிக்க பாக்கற மாதிரி உக்காந்திருந்தீங்க. கருவாடுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். முன்னால அத்தன சீட்டு காலியா கெடந்துச்சு... நெனைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தாள். ஆமாம். கிடந்தது.

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. கண் தானாக நிறைந்தது. விட்டுக்கொடுக்காமல் கேட்டாள்.

"நாளைக்கே மூக்கு திரும்பி வந்துட்டா?"

"வந்த அன்னிக்கு மொதல்ல இந்தக் கூடையத்தான் மோந்து பாப்பேன். அப்பவும் இங்கதான் உக்காருவேன்." கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

கண்டக்டர் வந்து நின்று, செஃப் சார் எங்கே போகிறார் என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். அலெக்ஸ் அவளைப் பார்த்தான்.

அஸ்வினி குனிந்தாள். நடுவிலிருந்த கூடையை இழுத்து, காலுக்கடியில் தள்ளினாள்.

"மார்க்கெட்டுக்கு. ரெண்டு டிக்கெட் குடுங்கண்ணா."